வெயில் மட்டுமே காரணமன்று

சித்திரை வெயிலில் பரவையில் எவருக்கும் வியர்க்கும். மார்கழிப் பின்னிரவிலும் உடல் திடீரெனக் கொதித்து, உடை நனைய வியர்த்து எழும் 45 வயதைக் கடந்த பெண்ணுக்கோ வெயில் காரணமன்று. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப்பகுதி சிறு மாற்றத்தையும் மிகையாக உணர்கிறது.

‘எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே’ என்று குடும்பத்தார் ஒதுக்குவது முறையன்று. பருத்தி ஆடையும் காற்றோட்டமான படுக்கையும், காரம், காப்பி குறைத்தலும் ஓரளவு துணைபுரியும். உறக்கம் கெடுமாயின் மருந்துகளும் உண்டு. காய்ச்சலோ எடைக்குறைவோ சேர்ந்தால் காசநோய், தைராய்டு பரிசோதனைகள் தேவைப்படலாம். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் உதிரப்போக்கு கண்டால் தாமதம் கூடாது.

தாயின் உறக்கம் குடும்பத்தின் பொறுப்பு. மருத்துவரைக் காண அவர் தயங்கினால், உடன் அழைத்து வாருங்கள்.