காலங்கடந்த வருத்தம்

நம் நாட்டில் மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலைக் கவர்னர் நியமிக்கிறார். அமெரிக்காவிலோ, பெரும்பாலான மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆதலின் அப்பதவி சட்டத்துறைக்கு மட்டும் உரியதன்று. அரசியலில் மேலேறுவோர்க்கு அது படிக்கட்டுமாகும். மக்களின் வாக்கை நாடுபவர் மக்களின் அச்சத்திற்கும் செவிசாய்க்க நேரிடுகிறது. ஏர்ல் வாரனின் வாழ்வு இதற்குச் சான்று.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகனாக, 1891-ல் பிறந்தவர் வாரன். 1938-ல் கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941 டிசம்பரில் ஹவாய்த் தீவிலிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. உடனே கலிபோர்னியாவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர்மீது சந்தேகம் மூண்டது. அவர்களை அகற்ற வேண்டுமென்று வற்புறுத்தியவர்களில் வாரனும் ஒருவர். நாசவேலை எதுவும் நிகழாதிருப்பதே சதிக்கு அறிகுறி என்றுகூட அவர் வாதிட்டார்! செய்தாலும் குற்றம், செய்யாவிடினும் குற்றம் என்றால் எளியோர் எங்கே சென்று முறையிடுவது? 1942 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையையடுத்து, மேற்குக் கரையினின்று 1,10,000-க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள்.

அவ்வாண்டு நவம்பரில் வாரன் கவர்னர் தேர்தலில் வென்றார். 1953-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியானார். பொதுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று, 1954-ல் ஒருமனதாக வழங்கப்பட்ட தீர்ப்பை எழுதியவர் அவரே. ஒரே மனிதரின் கை இரண்டையும் செய்தது!

வீட்டையும் பள்ளித் தோழரையும் பிரிந்து முகாம் சென்ற குழந்தைகளை எண்ணித் தம் மனச்சான்று உறுத்தியதைப் பிற்காலத்தில் வாரன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். அந்நூல் வெளிவந்தது 1977-ல். அவர் மறைந்ததோ 1974-ல். அமெரிக்க அரசு 1988-ல் சட்டமியற்றி மன்னிப்புக் கோரியது. உயிரோடிருந்த ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் வழங்கவும் வகை செய்தது. அதற்குள் பலர் கண்மூடிவிட்டனர்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் குடியிருக்கும் நாம், நம்மைப் பிறப்பால் அன்றி நடத்தையால் மதிக்க வேண்டுமென்று விழைகிறோம். நியாயமே. நம் தெருவுக்கு நாளை புதிதாய்க் குடிவருவோரையும் அவ்வாறே மதிக்க நாம் ஆயத்தமா? குடியேறியவரின் மகனே குடியேறியவரை ஐயுற்ற கதை, இவ்வினாவை நம்மிடமே எழுப்புகிறது.