விரால் குஞ்சும் இரண்டு நிமிட மருத்துவமும்

ஆண்டுதோறும் ஜூன் மாதத் தொடக்கத்தில், மிருகசீரிடக் கார்த்தி நாளில், ஹைதராபாத் நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் பல்லாயிரவர் வரிசையில் நிற்கின்றனர். மஞ்சள் நிறக் களிம்பு வைத்த உயிருள்ள விரால் குஞ்சொன்று ஒவ்வொருவர் தொண்டைக்குள்ளும் இறக்கப்படுகிறது. வரிசையில் குழந்தைகளும் உண்டு. அழுது திமிறும் பிள்ளையின் வாயைப் பெற்றோரே திறந்து பிடிக்கின்றனர். களிம்பின் சேர்மானம் 1845-இல் ஒரு துறவி அளித்த இரகசியம் என்பது அதை வழங்கும் குடும்பத்தாரின் கூற்று. களிம்புக்குக் கட்டணம் கிடையாது. மீனுக்கு அரசின் மீன்வளத் துறை ஏற்பாடு செய்கிறது. கூட்டத்தைக் காவல் துறை ஒழுங்குபடுத்துகிறது. பகுத்தறிவு அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் ‘மருந்து’ என்ற பெயர் ‘பிரசாதம்’ என்று மாறியது. வரிசை மாறவில்லை.

இக்காட்சியைப் பற்றிக் கற்றோரிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று, மூடநம்பிக்கை என்னும் எள்ளல். மற்றொன்று, மாற்று அறிவுமரபு என்னும் பரிவு. முதலாவது வரிசையில் நிற்பவரை அறிவிலி ஆக்குகிறது. இரண்டாவது அவரை ஆய்வேட்டின் ஓர் இயலுக்குப் பொருளாக்குகிறது. சேர்மானம் வெளியிடப்படாத ஒரு மருந்தைச் சோதித்தறிய எவராலும் இயலாது. சோதிக்க இயலாததை அறிவுமரபு என்று அழைப்பது அறிவுக்கும் மரபுக்கும் ஒருசேர இழுக்கு. ஆயினும் இவ்விரு பேச்சுகளும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: ஊர்விட்டு ஊர் வந்து இரவெல்லாம் காத்திருக்கும் ஒரு தாய்க்கு, தன் தெரு முனை மருந்துக்கடையில் கிடைக்கும் இன்ஹேலர் மீது ஏன் நம்பிக்கை பிறக்கவில்லை?

2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் இந்தியர். ஆஸ்துமா இறப்புகளிலோ 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில் நிகழ்கின்றன. நோயின் பங்குக்கும் சாவின் பங்குக்கும் இடையிலுள்ள இந்தப் பெரும் வேறுபாட்டை மீன் உண்டாக்கவில்லை. ஆண்டில் ஒரு நாள் நடக்கும் சடங்கு அத்தனை உயிர்களைக் கொள்ளாது. எஞ்சிய 364 நாள்களில் மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் நடப்பதையே ஆராய வேண்டும்.

அங்கே முதற்பிழை பெயரிலேயே தொடங்குகிறது. ‘ஆஸ்துமா’ என்ற சொல்லைக் கேட்டால் பெற்றோர் அஞ்சுவர், பெண் குழந்தையாயின் பிற்காலத்தில் திருமணம் தடைப்படும் என்றெல்லாம் கருதி, ‘வீசிங்’, ‘நெஞ்சுச் சளி’, ‘அலர்ஜி’ என்று மருத்துவர் மழுப்புகிறார். தென்னாட்டில் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்னும் பெயரில், காசநோய் இல்லாத பிள்ளைகள் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிய காலமும் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் பலருக்குச் சளிக் காய்ச்சலோடு வரும் இளைப்பு வளர வளர மறைந்துவிடும் என்பது உண்மையே; ஆகவே நோயைப் பெயரிடுவதில் எச்சரிக்கை தேவை. ஆனால் எச்சரிக்கை வேறு, மழுப்பல் வேறு. நோயின் பெயர் தெரியாத வீட்டில் அந்நோய்க்கான அன்றாட மருந்து எப்படி நிலைக்கும்?

இரண்டாம் பிழை, நோயை விட்டுவிட்டு இளைப்புக்கு மட்டும் மருந்திடுவது. ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் நாட்பட்ட அழற்சி. பிள்ளை ஓடியாடும் நாளிலும் அவ்வழற்சி உள்ளே இருக்கும். சால்பியூட்டமால் சுருங்கிய குழாயைச் சில மணி நேரம் விரித்துவைக்கும், அழற்சியைத் தணிக்காது. அதைத் தணிப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. கனடாவின் சஸ்காட்செவன் மாநில நோயாளிகளை ஆராய்ந்து 2000-இல் வெளியான கட்டுரை, ஓராண்டில் கூடுதலாகப் பயன்படுத்தப்பட்ட ஒவ்வோர் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு குப்பிக்கும் ஆஸ்துமா இறப்பு விகிதம் 21 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. 2019-இல் உலக ஆஸ்துமா முன்முயற்சியின் வழிகாட்டுதல், வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருத்தல் கூடாது என்று வெளிப்படையாகவே கூறியது. இங்கோ இளைப்பு வந்தால் நெபுலைசர், வீட்டுக்குப் போகும்போது ஒரு சிரப், அடுத்த மாதம் மீண்டும் அதே நெபுலைசர் என்பதே பல குழந்தைகளின் மருத்துவ வரலாறு.

இன்ஹேலரால் பிள்ளை அதற்கு அடிமையாகிவிடும் என்றும், ஸ்டீராய்டு என்பதால் உடல் கெடும் என்றும் அஞ்சும் குடும்பங்கள் ஏராளம். இவ்வச்சத்தை ஓர் எளிய கணக்கு தீர்க்கும். இன்ஹேலரின் ஒரு அழுத்தத்தில் வரும் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம். 5 மில்லி சிரப்பில் இருப்பது 2 மில்லிகிராம், அதாவது 20 மடங்கு. அது வயிற்றின் வழி உடலெங்கும் சென்று கைநடுக்கத்தையும் படபடப்பையும் தந்தபின், தாமதமாகவே நுரையீரலுக்கு எட்டும். நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் புடசனைடு உள்ளிழுக்க மறுக்கப்படும் பிள்ளைக்கு, நோய் முற்றிய நாளில் 20 மில்லிகிராம் பிரட்னிசலோன் கொடுக்க நேரிடுகிறது. எடைக்கு எடை அது நூறு மடங்கு. அதுவும் குருதியில் கலந்து உடல் முழுவதும் பரவுவது. ஸ்டீராய்டுக்கு அஞ்சியவர்களே அதிக ஸ்டீராய்டு தர நேர்வது இவ்வாறுதான்.

பக்கவிளைவே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. வட அமெரிக்காவில் 5 முதல் 12 வயது வரையிலான 1041 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், சில ஆண்டுகள் புடசனைடு உள்ளிழுத்தவர்கள் வளர்ந்தபின் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவான உயரம் பெற்றிருந்தனர். இதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்தையும், தூக்கமற்ற இரவுகளையும், தவறிய பள்ளி நாள்களையும், மூச்சடைத்து நேரும் சாவையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கும் அறிவு எந்தத் தாய்க்கும் உண்டு. மறைப்பவரையே அவள் நம்ப மறுக்கிறாள்.

சொல்வதற்கு நேரம் எங்கே என்பதே மருத்துவர்களின் மறுமொழி. அதில் உண்மை உண்டு. பல நாடுகளின் ஆரம்ப மருத்துவ ஆலோசனை நேரத்தைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், சுவீடனில் 20 நிமிடங்களைத் தாண்டிய சராசரி இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடமாக இருந்தது. குப்பியைக் குலுக்குதல், ஸ்பேசரில் பொருத்துதல், முகமூடியை இடைவெளியின்றி வைத்தல், ஒரே ஒரு முறை அழுத்துதல், ஐந்தாறு முறை இயல்பாக மூச்சுவிடச் செய்தல், பின் வாய் கொப்பளிக்க வைத்தல்: இவற்றைச் செய்து காட்டவே இரண்டு நிமிடம் போதாது. தவறாக இழுத்த மருந்து தொண்டையில் தங்கும். பயனில்லை என்று குடும்பம் கைவிடும். அடுத்த ஜூனில் அதே குடும்பம் நாம்பள்ளியில் நிற்கும்.

ஆனால் கற்றுத்தருபவர் மருத்துவராகவே இருக்க வேண்டும் என்று எந்த நூலும் விதிக்கவில்லை. பின்லாந்து 1994-இல் பத்தாண்டு ஆஸ்துமாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. புது மருந்தை அது கண்டுபிடிக்கவில்லை. செவிலியரையும் மருந்தாளுநரையும் பயிற்றுவித்து, தொடக்கத்திலேயே அழற்சியைத் தணிக்கவும், நோயாளியே தன் நோயைக் கண்காணிக்கவும் வழிசெய்தது. ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் கழிந்த நாள்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. செல்வ நாட்டுக்கே அது இயலும் என்போருக்குத் தென்னாப்பிரிக்கா விடை தருகிறது: 500 மில்லி பிளாஸ்டிக் புட்டியில் செய்த ஸ்பேசர், கடையில் விற்பதற்கு நிகராகப் பயன் தந்ததைக் கேப் டவுன் மருத்துவர்கள் 1999-இல் நிறுவினர்.

காற்றே நஞ்சாகியிருக்க மருந்தால் என்ன பயன் என்பது மற்றொரு தடை. உலக நலவாழ்வு அமைப்பு 2021-இல் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பிட்டது. இந்தியாவின் வரம்பு 40. அதற்கெதிரான போராட்டம் இன்றியமையாதது. எனினும் காற்று தூய்மையாகும் வரை பொறுத்திருக்கும்படி இன்றிரவு இளைக்கும் பிள்ளையிடம் எவரும் சொல்ல இயலாது.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் ஸ்பேசரும் இடையறாது இருக்கட்டும். கற்றுத்தருவதையே பணியாகக் கொண்ட செவிலியர் ஒருவர் அங்கே அமரட்டும். எந்த நாளில் எந்த மருந்து, எந்த அறிகுறி கண்டால் மருத்துவமனை என்பது தாய்மொழியில் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் தரப்படட்டும். பள்ளிப் பையில் இன்ஹேலர் இருப்பதை ஆசிரியர் தடுக்காதிருக்கட்டும். திடலில் மீனுக்கு வரிசை அமைக்கும் அரசு, அதே திடலில் ஸ்பேசரைப் பிடிக்கக் கற்றுத்தரும் மேசை ஒன்றையேனும் போடட்டும். அவ்வளவு தொலைவு வந்தவர்கள் பிள்ளையின் மூச்சுக்காகவே வந்தவர்கள். அவர்களுக்குக் கற்கும் விருப்பம் இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது.