அக்னித் தலத்தில் ஒரு கென்யப் பச்சோந்தி

போன சித்திரையில் என் நண்பனின் ஜாக்சன் பச்சோந்தி செத்துப்போனது. அதன் கூண்டில் தண்ணீர் தெளித்த பம்பை ஓட்டிய கோடு நான் எழுதியது. ஆகவே இந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

முகத்தில் மூன்று கொம்பு, உள்ளங்கை நீளம். பெங்களூரில் கைமாறி, அட்டைப்பெட்டியில் திருவண்ணாமலை பஸ் ஏறி வந்தது. பேப்பர்ஸ் எங்கே என்று கேட்டேன். "ப்ரீடர் ரொம்ப நல்லவர்டா" என்றான். நானும் அத்தோடு விட்டேன். சென்சார் மாட்டினோம், டேஷ்போர்டு போட்டோம். எல்லாம் பச்சையாகவே இருந்தது.

கென்ய மலைச்சரிவுகளில் 1,500 மீட்டருக்கு மேலும் வாழ்கிற உயிர் அது. பகலில் இளவெயில் வேண்டும், இரவில் நன்றாகக் குளிர வேண்டும். அந்தக் குளிரில்தான் அதற்கு ஓய்வு. கிண்ணத்துத் தண்ணீரைச் சீண்டாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். நம்ம ஊரோ அக்னித் தலம். வெயில் 40 டிகிரியைத் தொடும். பகலெல்லாம் காய்ந்த பாறை மலை ராத்திரியில் அந்தச் சூட்டை வட்டியோடு திருப்பித் தரும். ஏசி போட்டால் காற்று காய்கிறது. காய்கிறதே என்று தெளித்துக்கொண்டே இருந்து கண்ணாடியால் மூடினால், காற்று தேங்கி நுரையீரலில் தொற்று. வலைக்கூண்டு வைத்தால் மொத்த அறையையே மலையாக்க வேண்டும். நடுவில் கரண்ட் போகும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைவது நம் தொழிலில் தினசரி கதைதான். இங்கே ரோல்பேக் கிடையாது.

அது நாளுக்கு நாள் கருத்தது. "மூட் மாறுதுடா" என்று ரீல் போட்டான். பச்சோந்தி பச்சோந்தி என்று ஊரையே திட்டுகிற நமக்கு அதன் நிறம் பற்றி ஒன்றும் தெரியாது. தோலில் உள்ள குவானின் படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று ஜெனீவா ஆய்வாளர்கள் 2015-ல் மடகாஸ்கர் இனம் ஒன்றில் காட்டினார்கள். ஒளிந்துகொள்வதற்கு மட்டுமல்ல, இன்னொரு பச்சோந்தியிடம் பேசவும் அதற்கு நிறம் வேண்டும். எங்களிடம் வந்தது யாரிடம் பேசும்? கண் குழிந்து, பகலிலேயே மூடிக்கொண்டது. மாடும் ஆடும் பார்க்கிற டாக்டர் கைவிரித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

"கூண்டில் பிறந்ததுதானே, காட்டுக்கு என்ன நஷ்டம்?" என்பார்கள். கூண்டில் பிறந்தால் உடம்பு மலையை மறந்துவிடுமா? 1972-ல் இதே இனத்தை ஹவாய்க்கு வளர்ப்புக்காகக் கொண்டுபோனார்கள். தப்பியதும் விட்டதுமாகப் பெருகி, இன்று அங்கே காட்டில் திரிகிறது. நம் நாட்டில் இப்படியான வெளிநாட்டு உயிர்களை 2024 விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்துவிட்டால் மட்டும் திருவண்ணாமலை குளிர்ந்துவிடாது. பராமரிக்கிறேன் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி கருவி வாங்கும் ஆசை. எனக்கும் இருந்தது, அந்த கிராஃபைப் பார்த்து எத்தனை ராத்திரி பூரித்திருக்கிறேன்!

இத்தனைக்கும் நம்முடைய பச்சோந்தி இங்கேயே இருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், ஒரு அடி வைக்க நாலு தரம் ஆடி யோசித்துக்கொண்டு, ரோட்டைக் கடக்கும். வண்டிகள் யோசிப்பதில்லை. பார்த்தால் விஷம் என்று கல்லால் அடிப்பவர்களும் உண்டு, அதற்கு விஷமே கிடையாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.

போன வாரம் ஒன்றைக் குச்சியில் ஏறவிட்டுக்கொண்டிருந்தேன். பைக்கை நிறுத்திய பையன் கேட்டான்: "அண்ணா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

குச்சியை அவன் கையில் கொடுத்தேன். "அது எந்தப் பக்கம் பாத்து நடந்துச்சோ, அந்தப் பக்கப் புதர்ல விடு" என்றேன்.