தண்ணீர் தெளிவு என்று வாயால் சொன்னால் போதுமா?



குடிதண்ணீரைப் பற்றிக் கேட்டால், "பீலித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, பயப்படாம குடிங்க" என்பதே பதில். தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீரா? பங்களாதேஷில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே அசுத்தமான குளத்து நீரால் பிள்ளைகள் பேதி கண்டு இறந்தார்கள். அதைத் தடுக்க 1970களில் யுனிசெப் உதவியோடு ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் அடிக்கப்பட்டன. நோக்கம் நல்லதுதான். ஆனால் நிலத்தடி மண்ணிலிருந்து ஆசனிக் என்ற நஞ்சு அந்த நீரில் கரைந்திருந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. கோடிக்கணக்கானோர் அதைக் குடித்தார்கள். வருடங்கள் போக, உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்தன. பலருக்குப் புற்றுநோயும் வந்தது.

1992இல் பிரித்தானிய நில ஆய்வு நிறுவனம் அங்கே கிணற்று நீரைச் சோதித்தது. ஆசனிக்கை மட்டும் தேடவில்லை. மறு வருடமே நஞ்சு வெளிப்பட்டது. பாதிக்கப்பட்ட ஒருவர் இங்கிலாந்தில் வழக்குப் போட்டார். அந்த மக்கள் குடித்த தண்ணீருக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2006இல் பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளிவிட்டது. நஞ்சைக் குடித்தவன் ஏழை, பொறுப்பேற்க ஆளில்லை!

நமது தண்ணீரில் ஆசனிக் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. சோதித்தீர்களா, எதையெதைச் சோதித்தீர்கள் என்றுதான் கேட்கிறோம். மலையில் போடும் உரமும் அடிக்கும் புல்லு மருந்தும் மழையோடு எங்கே போகின்றன? யப்பானும் ஐரோப்பாவும் நமது தேயிலையில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதித்துத்தான் வாங்குகின்றன. தேநீர் குடிப்பவருக்குச் சோதனை. கொழுந்து பறிப்பவருக்கு வாய்ப்பேச்சா?

நாம் கேட்பது மூன்று:

1. ஒவ்வொரு பீலியையும் தாங்கியையும் வருடந்தோறும் சோதிக்க வேண்டும்.

2. கிருமிகள் மட்டுமல்ல, ஆசனிக், உரம், மருந்து எச்சம் எல்லாவற்றையும் தேட வேண்டும்.

3. முடிவைத் தமிழில் எழுதிப் பெரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.

தோட்டத் தலைவர்களே, இந்த மாதக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கி நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நாம் பறிக்கும் கொழுந்தைக் கிராம் கணக்கில் நிறுக்கத் தராசு வைத்திருப்பவர்கள், நமது பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைச் சோதிக்க வசதியில்லை என்று சொல்ல முடியாது!