வெயிலும் நிழலும் ஒரே படத்தில்

சென்ற மாதம் எங்கள் பாட்டி காலமானாள். கூடத்தில் மாட்டுவதற்கு நல்ல படமாக ஒன்று வேண்டுமே என்று தேடினோம். அப்போதுதான் ஒரு சங்கதி புரிந்தது. உங்களுக்கும் உபயோகப்படும், கேளுங்கள்.

பாட்டியின் 90-வது பிறந்த நாளன்று தம்பி சட்டைப்பையில் அடங்கும் கேமராவிலும், சித்தப்பா தம்முடைய பெரிய கேமராவிலும் படம் எடுத்தார்கள். ஒரே இடம், ஒரே நேரம். தாழ்வாரத்து நிழலில் பாட்டி. பின்னால் முற்றத்தில் சுள்ளென்று வெயில். தம்பியின் முதல் படத்தில் துளசி மாடம் அழகாக விழுந்திருந்தது. பாட்டியின் முகமோ கரி! கம்ப்யூட்டரில் வைத்து முகத்தை வெளிச்சமாக்கினால், மணலைத் தூவியது போல் புள்ளி புள்ளியாக வந்தது. அடுத்த படத்தில் முகம் தெரிந்தது. துளசி மாடம் வெளுத்து மறைந்துவிட்டது. சித்தப்பாவின் படத்திலும் முகம் கறுத்துத்தான் இருந்தது. ஆனால் வெளிச்சமாக்கியதும் மூக்குத்திகூடத் தெளிவாகத் தெரிந்தது.

காரணம் என்ன? கேமராவுக்குள் இருக்கும் சென்ஸார், மழைக்கு வைத்த பாத்திரம் மாதிரி. ஒளிதான் மழை. பாத்திரம் வழிந்தால் அந்த இடம் வெறும் வெள்ளை. அடியில் எப்போதும் கொஞ்சம் வண்டல் இருக்கும். அது கேமராவின் சொந்த மின் இரைச்சல். வண்டலுக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள அளவுக்குத்தான் ‘டைனமிக் ரேஞ்ச்’ என்று பெயர். ஒளி இரட்டிப்பதை ஒரு ‘ஸ்டாப்’ என்பார்கள். 10 ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு.

சித்தப்பாவின் ‘ஃபுல் ஃபிரேம்’ சென்ஸார் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். தம்பியுடையது ‘ஒரு அங்குல’ சென்ஸார். பெயரில்தான் அங்குலம்! மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீட்டர்தான். பரப்பு சுமார் 116. அண்டாவுக்கும் கிண்ணத்துக்கும் உள்ள வித்தியாசம். மற்றதெல்லாம் ஒத்திருந்தால், பரப்பு இரட்டிக்கும்போது ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கூடும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 3 ஸ்டாப்.

அதற்காக உடனே அண்டா வாங்க ஓட வேண்டாம். பழைய பெரிய சென்ஸாரைப் புதிய சிறியது வெல்வதும் உண்டு. எந்தக் கேமராவானாலும் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்ற ஏற்ற இந்த அளவு சுருங்கும். கைப்பேசியின் சென்ஸார் பெரும்பாலும் இன்னும் சிறியது. ஆனால் அது படபடவென்று பல படங்களை எடுத்து ஒன்றாக இணைத்துச் சமாளிக்கிறது. ஓடுகிற குழந்தை என்றால்தான் சில சமயம் தடுமாறும்.

ஒன்று நினைவிருக்கட்டும். இருட்டை ஓரளவு தூக்கிவிடலாம். வழிந்த தண்ணீரை அள்ள முடியாது. ஆகவே சின்னக் கேமராவானால் வெயிலுக்குத் தக்கபடி ஒளியைக் குறைத்து எடுங்கள். அதைவிடச் சுலபம், பாட்டியை வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைப்பது. அதற்குக் காசு கிடையாது.

அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சித்தப்பாவின் படம்தான் இப்போது கூடத்தில் இருக்கிறது.