தோடிக்கு ஒட்டுப் போடுகிறவர்கள்

மயிலாப்பூர் ரசிகர்கள் டிசம்பர் ஸீஸன்தோறும் வாங்கிச் சேர்த்த கச்சேரி ஸி.டி.க்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வதைத் திருட்டு என்கிறார் நண்பர் ஒருவர். ஒலிப்பதிவுகளை நியாயமான அளவில் சொந்த உபயோகத்துக்குக் கையாள, காப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்திலேயே இடங்கொடுத்துவிட்டது. என் கோபமெல்லாம் அவசரத்தின்மேல்தான். விநாடிக்கு 44,100 துணுக்குகளாகப் பதிந்த தோடியில் கீறல் விழுந்த இடத்தை, வேகமாகப் படிக்கும் கருவி ஊகித்து ஒட்டுப் போட்டுவிடுகிறது. கமகத்தை ஊகிக்க அது யார், ஐயா? 'ஸிடிபாரனோயா' என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. மகா சந்தேகப் பேர்வழி! கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளையிட்டால், இடறிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒத்துப் பார்க்கும். நேரம் ஆகட்டுமே! மூன்று மணி நேரம் கச்சேரி கேட்கிறவர்களுக்கு இதுவா பெரிது? அப்புறம் 'ஃப்ளாக்' கோப்பாக வைத்தால் துளியும் குறையாது. எம்.பி.3-ஆகப் பிழிகிறவர்களோ, பலசமயம் ஆலாபனைக்கும் கிருதிக்கும் நடுவில் தம்பூராவின் கழுத்தையே நெரித்துவிடுகிறார்கள்.