'நிச்சயமாக'

ஐயம் நீங்கிய முடிபே நிச்சயம். வடசொல், 'திண்ணம்' என்று நம்மிடமும் ஒன்று உண்டு. 'டயகமவில் நேற்று நிச்சயமாக மழை பெய்தது' என்னும்போது சொல்பவர் தாம் அறிந்ததைச் சொல்கிறார். 'சம்பளம் நிச்சயமாக உயரும்' என்னும்போது அங்கே அறிவு இல்லை, வாக்குறுதிதான் இருக்கிறது. சொல் ஒன்றாக இருப்பதால் கேட்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

டயகம முதலான மலையகத் தோட்டங்களில் இந்த இரண்டாவது பொருளுக்கே வழக்கு அதிகம். நாட்சம்பளம் 1000 ரூபாய் 2020 மார்ச் 1 முதல் வழங்கப்படும் என்று அவ்வாண்டு ஜனவரியில் அரசு அறிவித்தது. நாளும் குறித்தாயிற்று; இனி ஐயமேது? ஆனால் வர்த்தமானி வெளிவந்தது 2021 மார்ச்சில். 2024 மே தினத்தில் 1700 ரூபாய் என்றார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயாக வந்து நின்றது. இவற்றுள் ஒன்றையும் பொய் என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் வேடிக்கை.

ஏகாரத்திற்குத் தொல்காப்பியர் தரும் ஐந்து பொருள்களில் தேற்றமும் உண்டு, வினாவும் உண்டு. உறுதிக்கும் கேள்விக்கும் ஒரே இடைச்சொல்! கொழுந்து நிறுத்துவிட்டு வந்து செய்தி கேட்கும் பெண் 'நிச்சயமாகவா?' என்று ஓர் ஆகாரத்தைச் சேர்க்கிறாளே, அவளும் இலக்கணப்படியே பேசுகிறாள்.

செய்திப்படியில் இச்சொல்லைக் கண்டால் நான் அடித்துவிடுவேன். யார் சொன்னார், எந்த நாளில், எவ்வளவு தொகை என்பதை மட்டும் அச்சுக்கு அனுப்புவேன். 'கிடைத்தது' என்று எழுதச் சம்பளச் சீட்டைப் பார்க்கும்வரை பொறுப்பேன்.